பெட்டிக்குள் வரும் பசுமைக்குடில்

பசுமைக்குடில் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்றுதான் நினைக்கிறோம். ஹைதராபாத்தில் தொடங்கிய கேய்தி நிறுவனம், சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு அதைச் சுருக்கியிருக்கிறது. சட்டத்தின் மேல் வலை போர்த்தியிருப்பதால் வெயிலின் கடுமையும் பூச்சித் தொல்லையும் குறைகின்றன; மண் சீக்கிரம் காய்வதில்லை. திறந்த வயலைவிடத் தண்ணீர்ச் செலவு 98 சதவீதம் குறைவு, விளைச்சல் ஏழு மடங்கு என்பது நிறுவனத்தின் கணக்கு. பயிரைப் பொறுத்து இது முன்பின் ஆகலாம். குடிலை விற்றதோடு கைகழுவாமல், கடனுக்கும் பயிற்சிக்கும் விற்பனைக்கும் துணை நிற்கிறார்களே, அதுதான் பெரிய விஷயம். பாஸ்டனில் 2022 டிசம்பரில் நடந்த எர்த்ஷாட் விருது விழாவில் இந்த முயற்சி பெற்ற பரிசு, 10 லட்சம் பவுண்டு.