ஏப்ரல் தோறும் ஓர் அளவீடு: ஸ்லோவேனியப் பிள்ளைகள் ஏன் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள்?

பத்து மீட்டர் தூரம்தான். ஆனால் கைகளையும் கால்களையும் தரையில் ஊன்றி, பின்பக்கமாகவே போக வேண்டும். வழியில் ஒரு மரப்பெட்டி. அதன் மேல் ஏறி இறங்க வேண்டும். அடுத்து ஒரு மரச் சட்டம்; அதற்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். ஆசிரியர் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 21 லட்சம் பேர் வாழும் ஐரோப்பிய நாடான ஸ்லோவேனியாவில், ஏப்ரல் மாதப் பள்ளிக் காட்சி இது.

எதற்காக இந்தச் சோதனை என்பதை அறிய, முதலில் உலக நிலவரத்தைப் பார்க்க வேண்டும்.

உலகம் எங்கே நிற்கிறது?

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையுள்ள 16 லட்சம் மாணவர்களின் தகவல்களைத் தொகுத்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 2016 நிலவரப்படி, 100-இல் 81 பேருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85 சதவீதம்.

பணம் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. வளம் மிக்க தென் கொரியாவில் இந்த அளவு 94 சதவீதம். அங்கே பெரும்பாலான மாணவர்கள் பள்ளி விட்டதும் தனிப்பயிற்சி மையத்துக்குப் போகிறார்கள். வங்கதேசத்தில் 66, இந்தியாவில் சுமார் 74. இவ்விரு நாடுகளிலும் பையன்களுக்குக் கிரிக்கெட் கைகொடுத்திருக்கலாம் என்றும், பெண் பிள்ளைகளின் உடலுழைப்பில் வீட்டு வேலையும் சேர்ந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதினார்கள். வீட்டு வேலையால் கூடிய எண்ணிக்கையைக் கண்டு நாம் மகிழ்ந்துவிடக் கூடாது. அந்தச் சிறுமிக்கு விளையாட நேரம் கிடைத்ததா என்பதே கேள்வி.

ஸ்லோவேனியா செய்தது என்ன?

பிள்ளைகளின் உடலியக்கத்தை 57 நாடுகளில் ஒப்பிட்டு 2022-இல் வெளியான ‘குளோபல் மேட்ரிக்ஸ்’ மதிப்பீட்டில் ஸ்லோவேனியா முதலிடம் பெற்றது. அதன் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. 1982-இல் சோதனை முறையில் தொடங்கி, 1987 முதல் நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அளக்கிறார்கள். ‘ஸ்லோஃபிட்’ என்பது இன்றைய பெயர். உயரம், எடை, மேற்கையின் பின்புறத் தோல்மடிப்பு என மூன்று அளவுகள். 60 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், கம்பியில் தொங்குதல், தொடக்கத்தில் பார்த்த பின்பக்க நகர்வு உட்பட எட்டுச் சோதனைகள். பெற்றோர் சம்மதம் வேண்டும். மதிப்பெண் போடுவதற்காக நடப்பதல்ல இது. போன ஆண்டைவிட இந்தப் பிள்ளை தேறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

அந்தப் பதிவேடுகளே கொள்கைக்கு வழி சொல்லின. பிள்ளைகளின் உடல் பருமன் கூடிக்கொண்டே போவது தெரிந்ததும், 2010-11 கல்வியாண்டு முதல் பல பள்ளிகளில் கூடுதல் உடற்கல்வி நேரம் தரப்பட்டது. 2020 வசந்தத்தில் கொரோனா முடக்கத்தால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இரண்டே மாதத்தில் உடல்திறன் முன்பு காணாத அளவுக்குச் சரிந்ததும் இதே பதிவேட்டில்தான் தெரிந்தது.

நாட்டுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. மேற்குப் பகுதியைவிடக் கிழக்கில் எடை கூடிய பிள்ளைகள் அதிகம். பிள்ளைகளின் உடல்திறனும் எடையும் அந்நாட்டின் 212 உள்ளாட்சிகளுக்கான சுகாதார அறிக்கையில் இடம்பெறுகின்றன. எந்த ஊருக்கு உதவி தேவை என்று அறிய ஊகம் வேண்டியதில்லை.

நமக்கு என்ன பாடம்?

நம் ஊர்ப் பள்ளிகளில் பி.டி. பீரியட் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுவதை எல்லோரும் அறிவோம். தேர்வு நெருங்கினால் அந்தப் பீரியடே காணாமல் போகும். மதிப்பெண் குறைந்தால் ரேங்க் கார்டு அன்றே வீட்டுக்குச் சொல்லிவிடுகிறது. உடல்திறன் குறைந்தால் அதைச் சொல்ல ஒரு தாள் இல்லை. அதனால்தான் அந்த நேரத்தை எடுத்துக்கொள்வது இத்தனை எளிதாக இருக்கிறது.

ஸ்லோவேனியாவின் சோதனைகளுக்குப் பெரிய செலவில்லை. ஓர் அளவுநாடா, ஒரு கம்பி, ஒரு ஸ்டாப்வாட்ச், கொஞ்சம் திறந்தவெளி, அக்கறையுள்ள ஓர் உடற்கல்வி ஆசிரியர். ஆறாம் வகுப்பில் மைதானத்தை ஒரே மூச்சில் சுற்றி வந்த சிறுமி, பத்தாம் வகுப்பில் பாதிச் சுற்றிலேயே நின்றுவிட்டால், அது யாருக்காவது தெரிய வேண்டும்.