சிகரெட்டை விடுவதில் தன்னம்பிக்கையின் பங்கு

சிகரெட்டை விட்டவர் தாக்குப்பிடிப்பாரா, மறுபடி பற்றவைப்பாரா என்பதை, அவர் தம்மீது வைத்திருக்கும் நம்பிக்கை ஓரளவு முன்பே காட்டிவிடும். இந்த நம்பிக்கையைக் கோட்பாடாக 1977இல் வகுத்தவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. பொதுவான துணிச்சல் வேறு. குறிப்பிட்ட சூழலில் குறிப்பிட்ட காரியம் தன்னால் ஆகும் என்ற நம்பிக்கை வேறு. அவர் பேசியது இரண்டாவதைப் பற்றி.

பெங்களூரு லிங்கராஜபுரம் போன்ற பகுதியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வீட்டில் இருக்கும்வரை சிகரெட் நினைப்பே வராதவருக்கு, சாயங்காலம் பேக்கரி வாசலில், ஒன்றை இருவர் பகிரும் பை-டூ டீ கைக்கு வந்ததும் விரல் சட்டைப் பையைத் தடவும். சில்லறையாக சிகரெட் விற்பதற்குக் கர்நாடகம் 2017இல் தடை போட்டது. ஆனாலும் பக்கத்தில் நிற்பவர் ஒன்றை நீட்டுவதை எந்தச் சட்டம் தடுக்கும்? ஆகவே டீக்கடையில் முடியுமா, வீட்டில் சண்டை போட்ட ராத்திரியில் முடியுமா, குடித்திருக்கும்போது முடியுமா என்று தனித்தனியாகக் கேட்டாக வேண்டும்.

ஆலோசகர்கள் பத்துக்கு எத்தனை நம்பிக்கை என்று கேட்பதுண்டு. "நாலு" என்றால், "ஏன் ரெண்டு இல்லை?" என்பார்கள். பதிலில் பழைய வெற்றி ஒன்று வெளிவரும். உதாரணமாக, சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் பலர் 41 நாளும் சிகரெட்டைத் தொடுவதில்லை. நிகோடின் நின்றதால் வரும் எரிச்சலும் தூக்கக்கேடும் முதல் சில நாளில்தான் உச்சம்; அதையும் தாண்டியவர்கள் அவர்கள். ஆனால் பெருமையை மாலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அதைக் கழற்றியதும் பலமும் போய்விட்டதாக நினைக்கிறார்கள். சில நிமிடங்களில் தணியும் ஆசையை ஒவ்வொரு முறையும் கடந்தது தன் கைவேலை என்று புரிந்தால், நாலு ஆறாகும்.

அளவு மீறினால் இந்த நம்பிக்கையே ஆபத்து. "ஒண்ணே ஒண்ணுதான், கட்டுப்படுத்திடுவேன்" என்று சோதித்துப் பார்ப்பவர்களும் வழுக்குகிறார்கள். வழுக்கிய பின் நடப்பதை உளவியலாளர் ஆலன் மார்லட் விளக்கினார்: ஒரு சிகரெட்டைத் தன் பலவீனத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்பவர் பாக்கெட்டையே வாங்குகிறார், அந்த இடத்தையும் நேரத்தையும் காரணமாகப் பார்ப்பவர் மறுநாள் வேறு வழியாக வீடு போகிறார்.

பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண் வழுக்கியவர்களுக்கும் உதவும். 2018 முதல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இந்தச் சேவையின் மண்டல மையங்களில் ஒன்று, தமிழிலும் பேசலாம். வழுக்கிய அன்றைக்கே அழைக்கலாம்.