சொல் கட்டலாம், வாருங்கள்!

ஓடியாடி விளையாடுவது உடலுக்கு உரமளிக்கும். சொற்களைக் கட்டி விளையாடுவது அறிவுக்கு உரமளிக்கும். அத்தகைய விளையாட்டுகளுள் புகழ்பெற்றது ஸ்கிராபிள். ஆனால் நம் தோழியர் பலர், "அது ஆங்கிலம் சரளமாகப் பேசுவோருக்கான ஆட்டம், வீட்டில் தமிழ் பேசும் நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். இது சரிதானா? சற்று ஆராய்வோம்.

1930-களில் அமெரிக்காவில் வேலையிழந்திருந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் இவ்விளையாட்டை உருவாக்கினார். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப மதிப்பெண்களை வகுத்தார். 1948-இல்தான் இதற்கு ஸ்கிராபிள் என்ற பெயர் வந்தது. பலகையில் 225 கட்டங்கள். பையில் 100 வில்லைகள். அவற்றுள் உயிரெழுத்துக்கள் 42, மெய்யெழுத்துக்கள் 56, வெற்று வில்லைகள் 2. ஒவ்வொருவர் கையிலும் ஏழு வில்லைகள் இருக்கும்.

இதில் திறமை பெறச் சில வழிகள் உண்டு.

முதலாவது, சிறிய சொற்களைக் கற்பது. நீளமான சொல்லே வெற்றி தரும் என்று எண்ண வேண்டாம். எருதைக் குறிக்கும் 'ஆக்ஸ்' என்ற ஈரெழுத்துச் சொல்லுக்குச் சாதாரணமாக 9 மதிப்பெண்தான். ஆனால் அதன் 'எக்ஸ்' எழுத்து, மும்மடங்குக் கட்டத்தில் விழுந்தால் 25 கிடைக்கும். பலகையில் ஏற்கெனவே உள்ள 'ஓ'வுக்குக் கீழே அந்த 'எக்ஸ்' அமைந்துவிட்டால், குறுக்கிலும் நெடுக்கிலும் அதே சொல் உருவாகி 50 கிடைக்கும்! ஆகவே ஈரெழுத்துச் சொற்களை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

இரண்டாவது, சிக்கனம். 'எஸ்' எழுத்து பையில் நான்கே உண்டு. அதைப் பலகையிலுள்ள சொல்லின் இறுதியில் சேர்த்து, அதிலிருந்தே நம் புதுச் சொல்லையும் அமைத்தால் இரண்டுக்கும் மதிப்பெண் பெறலாம். வெற்று வில்லைக்கு மதிப்பெண் இல்லை. எனினும் அது எந்த எழுத்தாகவும் நிற்கும். ஏழு வில்லைகளையும் ஒருசேர வைத்தால் 50 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்குமாதலால், அத்தருணத்திற்கு அதைச் சேமியுங்கள்.

மூன்றாவது, எழுத்துக்களை இடம் மாற்றிப் பார்ப்பது. 'கேள்' என்று பொருள்படும் 'லிஸன்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஆறு எழுத்துக்களையும் மாற்றி அடுக்கினால், 'மௌனமான' என்று பொருள்படும் 'ஸைலண்ட்' வந்துவிடும்!

சிலர் தோற்றதும், "எனக்கு நல்ல எழுத்தே வரவில்லை" என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கையில் உயிரும் மெய்யும் கலந்திருக்குமாறு பார்த்து ஆடினால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். மோசமான எழுத்துக்களை, ஒரு முறை ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, மாற்றிக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஆனால் பிரெஞ்சுச் சொற்களை மனனம் செய்தே 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வெற்றி வாகை சூடினார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். பேசவே தெரியாத மொழியில் ஒருவர் வெல்லும்போது, பல ஆண்டுகளாக ஆங்கிலம் படித்துவரும் நாம் அஞ்சலாமா?

இருப்பினும் மாணவியராகிய நமக்கு மதிப்பெண் மட்டும் போதாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் கண்ட புதுச் சொற்களில் ஐந்தையேனும் குறிப்பேட்டில் எழுதி, அகராதியில் பொருள் பார்த்து, ஒரு வாக்கியத்தில் அமைத்துப் பழகுவோம். அப்போது ஆட்டத்தில் தோற்றாலும் அந்த ஐந்து சொற்கள் நம்முடையவையே. சிறுதுளி பெருவெள்ளம் அன்றோ? அச்சத்தை விடுத்து ஆட வாருங்கள், தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவி