துறுதுறு பிள்ளைக்கு ஓட்டம் தேவை

துறுதுறுவென்றிருக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் எளிதாகக் கிடைக்கும் தண்டனை, விளையாட்டு நேரத்தைப் பறிப்பது. ஆய்வு காட்டுவதோ நேர்மாறு. அமெரிக்காவில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 40 பேர். பாதிப் பேருக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு. ஒரு நாள் 20 நிமிடம் டிரெட்மில், இன்னொரு நாள் உட்கார்ந்து வாசிப்பு. பிறகு சோதனை: திரையின் நடுக்குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், அக்கம்பக்கத்துக் குறிகள் சில வேளை எதிர்ப்பக்கம் காட்டிக் குழப்பும். உடற்பயிற்சி செய்த நாளில் இரு தரப்பாருமே கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். வாசிப்பு, கணக்குத் தேர்வுகளிலும் முன்னேற்றம்.

பாடம் முடியாதே என்று ஆசிரியர் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் கவனம் கலைந்த வகுப்பில் நடத்திய பாடமும் முடிந்த கணக்கில் சேராது. ஒரே ஆய்வு, சிறு எண்ணிக்கை, ஒருமுறைப் பயிற்சி என்பதும் உண்மை. ஏ.டி.எச்.டி.க்கான மருந்தை நிறுத்த இந்த ஆய்வு காரணமாகாது. விளையாட்டு நேரத்தைப் பறிக்காமலிருக்கத் தாராளமாகப் போதும்.