ஆங்கிலம் வரும்வரை கம்ப்யூட்டர் காத்திருக்க வேண்டுமா?

அமெரிக்காவில் குடியேறிய பிள்ளைகள் என்றதும் ஐ.டி. வேலைக்குப் போன நம்மவர்களின் குழந்தைகள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். வீட்டில் இரண்டு லேப்டாப் கிடக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதுதான் பிழைப்பு. நான் சொல்லப்போவது வேறு பிள்ளைகளைப் பற்றி. ஹைத்தி, வெனிசுவேலா, கியூபா என்று பல இடங்களிலிருந்து புளோரிடா மாநிலத்துக்கு வந்து இறங்கி, பாதி வருஷத்தில் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ உட்காரவைக்கப்படும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். போனில் விரல் பறக்கும். கீபோர்டில் கை வைத்துப் பழகியவர்கள் குறைவு.

அந்த மாநிலத்தில் நடுநிலைப் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் திறனுக்குச் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. தொழிற்கல்விக்காக 2007இல் வந்த ‘கேப்’ சட்டத்தின் ஏற்பாட்டை 2013, 2014 ஆண்டுகளில் விரித்து, சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கும் ‘டிஜிட்டல் டூல்’ சான்றிதழ்களைக் கொண்டுவந்தார்கள். வேர்ட், ஸ்ப்ரெட்ஷீட், ப்ரசன்டேஷன், டிஜிட்டல் ஓவியம், இணையப் பாதுகாப்பு, கோடிங் எல்லாம் இதில் வரும். மாணவர் ஒரு சான்றிதழ் வாங்கினால், பள்ளிக்கான நிதிக் கணக்கில் 0.025 மாணவர் கூடுதலாகச் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று 2014 சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இந்த 0.025-க்குப் பிறகு வருகிறேன்.

இவை தவிர, பெரியவர்கள் எழுதும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வையும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். நடத்துவது சர்ட்டிபோர்ட். 2012 முதல் பியர்சன் குழுமத்தின் கையில் இருக்கும் நிறுவனம். வேர்ட் அல்லது எக்செல் மென்பொருளையே திரையில் திறந்து கொடுத்து, ‘இந்தத் தலைப்புக்கு இந்த ஸ்டைலைப் போடு, இந்த வரிசையைக் கூட்டு’ என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்வார்கள். ஐம்பது நிமிடம். ஆயிரத்துக்கு 700 எடுத்தால் தேர்ச்சி. செய்து காட்டினால்தான் மதிப்பெண் என்பதால், மனப்பாடம் இங்கே உதவாது. எனக்கு இந்தத் தேர்வில் பிடித்ததே அதுதான்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சான்றிதழ் எதற்கு, நாளைக்கே வேலைக்கா போகப்போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளை பள்ளியில் எழுதும் மற்றத் தேர்வுகளைப் பாருங்கள். புளோரிடாவின் ‘ஃபாஸ்ட்’ மாநிலத் தேர்வு 2022-23 கல்வியாண்டு முதல் வருஷத்துக்கு மூன்று முறை கம்ப்யூட்டரில் நடக்கிறது. கட்டுரைத் தேர்வில் 120 நிமிடம் திரையில் படித்து, திரையிலேயே தட்டி எழுத வேண்டும். ஆங்கிலம் கற்கும் மாணவர்களைச் சோதிக்க அமெரிக்க மாநிலங்கள் பலவும் பயன்படுத்தும் ‘விடா’ தேர்வும் கம்ப்யூட்டர் வடிவத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் பேசிப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு மாணவிக்கு மவுஸால் இழுத்துவிடத் தெரியவில்லை, எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று தேடுகிறாள் என்றால், தெரிந்த ஆங்கிலமும் திரையில் ஏறாது. அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று முடிவு வரும். அந்த முடிவின்மேல் அடுத்த வருஷத்து வகுப்புகள் தீர்மானிக்கப்படும்.

வெனிசுவேலாவின் காரகாஸிலிருந்து வந்த ஒரு பிள்ளை முதல் நாள் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்வதாக வைத்துக்கொள்வோம். லாகின் செய்ய @ வேண்டும். லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் கீபோர்டில் அது வலப்புற ஆல்ட் விசையும் க்யூவும். இங்கே ஷிஃப்டும் இரண்டும். ñ என்ற எழுத்துக்கு இங்கே விசையே கிடையாது. அவள் பெயரிலேயே அந்த எழுத்து இருந்தால் என்ன செய்வாள்? எக்செல் திறக்கிறாள். பன்னிரண்டரையை அவள் ஊரில் 12,5 என்று எழுதுவார்கள். தட்டுகிறாள், எக்செல் அதைப் பன்னிரண்டரையாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டுவதற்கு, ஊரில் பார்த்த ஞாபகத்தில் ‘சுமா’ ஃபார்முலாவைப் போடுகிறாள். இங்கே ‘சம்’ என்றால்தான் ஏற்கும், ஆகவே பிழைச் செய்தி வருகிறது. 03/04 என்று தேதி போட்டால் ஏப்ரல் மூன்று மார்ச் நான்காகிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் இத்தனையும். கணக்கு அவளுக்குத் தெரியும், கூட்டவும் தெரியும். பிரெஞ்சு கீபோர்டில் பழகிவந்த பிள்ளைக்கோ ‘ஏ’ இருக்கும் இடத்தில் ‘க்யூ’ உட்கார்ந்திருக்கும். எண்களுக்குப் பழக்கத்தில் ஷிஃப்டை அழுத்தினால் குறிகள் வந்து விழும்.

நல்ல ஆசிரியர் கையில் இதெல்லாம் சில வாரத்தில் சரியாகிவிடும். எண்ணும் தேதியும் எப்படி எழுதப்படுகின்றன என்று ஊர் வித்தியாசத்தை ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும். வேர்டின் மெனுக்களை முதல் மாதம் ஸ்பானிஷில் வைத்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றலாம். அந்த வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தேர்வே ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் கிடைக்கிறது. ஹைத்தியக் கிரியோலில் கிடையாது என்பது எனக்கு உறுத்துகிறது. வீட்டில் கிரியோல் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைக்குப் பிரெஞ்சுத் தாளும் அந்நியமே.

ஆனால் அந்த லேபுக்குள் இப்பிள்ளைகள் நுழைந்தால்தானே?

புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று சொல்லி, வாசிப்புக்கு ஒரு பீரியட், ஆங்கிலத்துக்கு இன்னொரு பீரியட் என்று கூட்டுகிறார்கள். நாளுக்கு இருக்கும் பீரியட்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பறிபோவது விருப்பப் பாடம். கம்ப்யூட்டர் வகுப்பு அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ‘முதலில் ஆங்கிலம் வரட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்கிறார்கள். இப்படித் தள்ளிப்போட்டே எட்டாம் வகுப்பு முடிந்து பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மெனுவைப் படிப்பது, கட்டளையைப் புரிந்துகொள்வது, பக்கத்துப் பிள்ளையிடம் ‘எங்கே சேவ் செய்தாய்’ என்று கேட்பது, எல்லாம் ஆங்கிலம்தான். அதுவும், சொன்னதைச் செய்தால் திரையில் உடனே பலன் தெரியும் ஆங்கிலம்.

இங்கேதான் அந்த 0.025 உறுத்துகிறது. சான்றிதழ் வாங்கியவர்களைக் கணக்கிட்டுப் பணம் வரும்போது, வேகமாகப் படிக்கும் பிள்ளைகளை வகுப்பில் நிரப்பும் ஆசை எந்தப் பள்ளிக்கும் வரும். தலைமை ஆசிரியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கணக்கைப் போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும். புதிதாக வந்த மாணவர் தேர்ச்சி பெற்றால் கூடுதல் தொகை என்று ஒரு வரி சேர்த்திருந்தால், நாற்காலிகளில் உட்காரும் முகங்களே மாறியிருக்கும்.

சட்டமோ இப்பிள்ளைகள் பக்கம்தான் இருக்கிறது. பிள்ளையின் குடியேற்றத் தாள் எப்படி இருந்தாலும் அதற்குப் பள்ளியில் இடமுண்டு என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ப்ளைலர்’ வழக்கில் சொல்லிவிட்டது. புளோரிடாவில் 1990 ஆகஸ்டில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஆங்கிலம் கற்கும் மாணவருக்கு மற்ற மாணவர்களுக்குள்ள எல்லாத் திட்டங்களிலும் சம உரிமை, பாடம் அவர்களுக்குப் புரியும்படி நடத்தப்பட வேண்டும். ஒரு பள்ளியில் ஒரே தாய்மொழி பேசும் அப்படிப்பட்ட மாணவர்கள் பதினைந்து பேர் இருந்தால், அந்த மொழி தெரிந்த ஓர் ஆசிரியரோ உதவியாளரோ இருந்தாக வேண்டும். அந்த உதவியாளரைக் கணக்கு வகுப்பில் உட்காரவைக்கிறார்கள். கம்ப்யூட்டர் லேபிலும் உட்காரவையுங்கள் என்பதே என் கோரிக்கை. 1963இலேயே மயாமியின் கோரல் வே தொடக்கப் பள்ளியில் கியூபப் பிள்ளைகளுக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இரு மொழியில் பாடம் நடத்திக் காட்டிய ஊர் அது. முடியாது என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு தடை சிறியதாகத் தெரியும், ஆனால் பல பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடும். பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவலை இணையச் சேவைகள் வாங்க வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 1998இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். தேர்வுக் கணக்கு தொடங்க ஆங்கிலத்தில் ஒரு தாள் வீட்டுக்குப் போகிறது. பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் கேட்கும் தாளைக் கண்டால், குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் அம்மா கையெழுத்துப் போடத் தயங்குவாள். அவள் பயம் நியாயமானது. இது எதற்கான தாள், யார் பார்ப்பார்கள் என்று அவள் மொழியில் இரண்டு வரி எழுதி அனுப்புவது பள்ளிக்கு ஒரு பெரிய வேலையா?

சான்றிதழ் கையில் இருப்பதன் அருமை, ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்களுக்குத்தான் தெரியும். பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல் ஹைத்தியின் போர்ட்-ஓ-பிரின்ஸில் எங்கோ கிடக்கும். அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால் பிள்ளை பாதியில் இன்னொரு பள்ளிக்கு மாறும். அப்போதும் இணையத்தில் அதன் பெயரில் இருக்கும் சான்றிதழை யாரும் திரும்பக் கேட்க முடியாது. அதனால் பதிவுசெய்யும்போது பாஸ்போர்ட்டில் இருக்கும்படி முழுப் பெயரையும் போட வேண்டும்; இரண்டு குடும்பப் பெயர் வைக்கும் ஸ்பானிஷ் வழக்கத்தில் ஒன்று விட்டுப்போனால் பின்னால் சிக்கல்.

புளோரிடாவுக்குப் புதிதாகக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே விதிகள்தான். பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே கவுன்சலரிடம் கேளுங்கள்: இந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் சான்றிதழ் வகுப்பு உண்டா, என் பிள்ளைக்கு இந்த வருஷமே அதில் இடம் உண்டா? உங்களுக்குப் புரியும் மொழியில் பதில் சொல்லும் கடமை, 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின்படி அவர்களுக்கு இருக்கிறது. ‘அடுத்த வருஷம்’ என்று பதில் வந்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.