இணையச் சமநிலை: விதி வந்தது, விலை யார் கையில்?

ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிர்நீத்தார். அவருடைய இறுதிக் கடிதம் கைப்பேசித் திரைகள் வழியே நாடெங்கும் பரவியது. மூன்று வாரங்கள் கழித்து, பிப்ரவரி 8 அன்று, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதிமுறையை வெளியிட்டது. இரண்டும் தொடர்பற்றவை, எனினும் அந்த விதி ஏன் நமக்கு வேண்டியது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான காலப்பொருத்தம் இல்லை.

ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துடன் இணைந்து ஃபேஸ்புக் 2015இல் கொண்டுவந்த திட்டம், பின்னாளில் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ எனப் பெயர் மாறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட தளங்களுக்குக் கட்டணமில்லை. மற்றவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஏழைகளுக்கு ஒன்றுமே இல்லாததைவிட இது மேலல்லவா என்று கேட்டனர். ஏழை எதைப் படிக்கலாம் என்பதை ஃபேஸ்புக் வகுத்த நிபந்தனைகள் முடிவு செய்யும் என்பதே அதன் உட்பொருள். காணொளிக்கு அதில் இடமில்லை. ஊர்த்தெருவில் நிகழும் வன்கொடுமையைப் படம்பிடித்து வெளியிடும் ஒரு சிறு தலித் தளம் அந்த இலவசப் பட்டியலுக்கு வெளியேதான் நின்றிருக்கும். உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டக்கூடாது என்றது டிராய். மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம்.

ஆனால் எல்லாத் தளங்களுக்கும் ஒரே கட்டணம் என்பது வேறு, அந்தக் கட்டணம் எவ்வளவு என்பது வேறு. பொது நீர்நிலைகளை அனைவருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே நிறைவேற்றியது. மகாத் குளத்து நீரை அருந்த 1927இல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு செல்ல வேண்டியிருந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ இலவசத்தோடு களமிறங்கியது. ஏர்செல் 2018இல் திவாலானது. அதே ஆண்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. ஃப்ரீ பேசிக்ஸைச் சுமந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் வீழ்ந்தது. இன்று மூன்று தனியார் நிறுவனங்களும், 4ஜி தருவதில் பல ஆண்டுகள் பின்தங்கவிடப்பட்ட பி.எஸ்.என்.எல்லும் எஞ்சியுள்ளன. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து விலையை உயர்த்தின. 28 நாட்களுக்கு 239 ரூபாயாக இருந்த ஜியோ திட்டம் 299 ஆயிற்று. கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்யட்டும் என்பது டிராயின் நெடுநாளைய கொள்கை. கல்வி உதவித்தொகையை எதிர்நோக்கி இருக்கும் மாணவருக்கு அந்த 60 ரூபாய் சிறியதன்று.

ஒழுங்குமுறை என்றாலே அரசுத் தணிக்கை என அஞ்சுவோர் நம்மிடையேயும் உண்டு. இணையத்தை முடக்கும் அரசை நாம் அறிவோம். அந்த அச்சம் நியாயமானது. காலவரையின்றி இணையத்தை முடக்குவது ஏற்புடையதன்று என அனுராதா பாசின் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் பேச்சைக் கட்டுப்படுத்துவதும் பேச்சுக்கு வழிவிடும் கம்பியின் விலையைக் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல. முன்னதை எதிர்த்துக்கொண்டே பின்னதைக் கோர முடியும்.

20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலக்கோடு கேரள அரசு 2023இல் கே-ஃபோனைத் தொடங்கியது. அது மந்தமாகவே நகர்கிறது. இருந்தும், இணைப்பைப் பொதுச் செலவாகக் கருதும் அந்த அணுகுமுறையை ஆதிதிராவிடர் நல விடுதிகளிலிருந்து இங்கும் தொடங்கக் கோரலாம்.