காலிப் பாட்டிலுள் காய்ச்சல் மருந்து

தண்ணீரைப் பருகியதும் நாம் எறிந்துவிடும் பிளாஸ்டிக் பாட்டில் எதனால் ஆனது? 1941-இல் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் ஆங்கிலேய வேதியியலார் இருவர் கண்டு உரிமை பதிந்த பாலியெஸ்டரே அது. கசங்காத சட்டை என்று ஒரு காலத்தில் பெருமையோடு அணிந்தோமே, அந்த டெரிலின் துணியும் இதுவேதான்! டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் மாறி மாறிக் கோக்கப்பட்ட சங்கிலி இது. அமிலம் இணையும்போது நீர் வெளியேறுகிறது. நீரை மீண்டும் புகுத்தினால் சங்கிலி அறுந்து பழைய பொருள்களே திரும்பக் கிடைக்கும்.

சொல்வது எளிது, செய்வதுதான் அரிது. இதைச் செய்யவல்ல நுண்ணுயிர் ஒன்றை ஜப்பானின் சக்காய் நகரில், பாட்டில் மறுசுழற்சி நிலையமொன்றில் கண்டதாக 2016-இல் அறிவித்தனர். மெல்லிய ஏட்டைச் சிதைக்க அதற்கு ஏறத்தாழ 6 வாரம் பிடித்தது. மட்கிய இலைக்குவியலில் முன்பே கண்டறியப்பட்டிருந்த வேறொரு நொதியைத் திருத்தியமைத்த பிரெஞ்சு ஆய்வாளர், 2020-இல், அரைத்த பாட்டில்களில் 90 விழுக்காட்டை 10 மணி நேரத்தில் பிரித்துக் காட்டினர். குப்பைக்கு மருந்து குப்பையிலேயே இருந்ததை எண்ணி நாமும் வியந்தோம்.

பிரிந்த அமிலத்தால் மீண்டும் பாட்டில் செய்யலாம். எடின்பரோ பல்கலைக்கழகத்தார் அத்துடன் அமையவில்லை. 2021-இல், ஈ. கோலை என்னும் குடல் நுண்ணுயிரின் மரபணுக்களை மாற்றி, அவ்வமிலத்தை வனிலினாக, அதாவது பிள்ளைகள் விரும்பும் ஐஸ்கிரீமின் மணப்பொருளாக ஆக்கினர். 2025-இல், அதே இன நுண்ணுயிரைக் கொண்டு, பாட்டிலிலிருந்து பெற்ற பொருளைப் பாராசிட்டமாலாக மாற்றினர். அடுப்பின்றி, அறை வெப்பத்திலேயே, 24 மணி நேரத்துக்குள், 92 விழுக்காடு விளைவு! எனினும் இது ஆய்வுக்கூட அளவிலானது, மருந்துக்கடைக்கு வந்துவிடவில்லை.

இனி எறிவதில் குற்றமில்லை என எவரேனும் கருதினால் அது பேதைமை. பால் உறையிலும் கடைப்பையிலும் உள்ள பாலித்தீனில் கரியணுவோடு கரியணுவே பிணைந்திருக்கிறது. இந்நொதிகளுக்கு அங்கே வேலையில்லை. பெருவெப்பத்தில் உடைத்தாலும் பெரும்பாலும் எண்ணெயும் மெழுகும் வாயுவுமே மிஞ்சும். பி.வி.சி. கலந்துவிட்டாலோ ஹைட்ரோகுளோரிக் அமில வாயு எழுந்து உலையையே அரிக்கும். ஆகவே வகை பிரிப்பதே முதற்பணி. நம் ஊர்களில் அப்பணியைச் செய்வோர், சாக்குமூட்டை சுமந்து தெருத்தெருவாய் அலையும் ஏழையரே. 2015-இல் வெளியான 'லவுதாத்தோ சி' மடலில் எறியும் பண்பாட்டைக் கண்டித்த திருத்தந்தை பிரான்சிஸ், பொருள்களோடு ஒதுக்கப்படும் மனிதரையும் சேர்த்தே குறித்தார். அவர்கள் கைக்கு எச்சிலும் சேறும் படிந்த பாட்டில்களை நாம் தரலாகாது. அலசி, உலர்த்தி, தனிப்பையில் தருவோம். மூடி வேறு வகைப் பிளாஸ்டிக் ஆதலால், அதைக் கழற்றித் தனியே இடவேண்டும்.